இறப்புக்கான காரணம்

மூன்று நாளாக வெயில் இல்லை.
வெல்லாவெளி மிருக வைத்தியக் கந்தோரில்
மின்விசிறிக்கு லீவு.
என்னிடம் ஒரு ஸ்வெட்டர் இருந்தது,
நுவரெலியா டிரிப்பில் வாங்கியது.
அக்காவின் மகள் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டாள்.
சேலைக்கு மேல் குளிக்கிற துவாயைப் போர்த்துக்கொண்டு
படிவங்களை எண்ணுகிறேன்.

ஏழாம் நிரல்: இறப்புக்கான காரணம்.
நோய் / வெள்ளம் / மின்னல் / யானை / வாகனம்.
பொருத்தமற்றதை வெட்டிவிடுக.

வாசலில் பூபாலப்பிள்ளை.
உரப்பையைக் கிழித்துக் கொங்காணி போட்டிருக்கிறார்,
சாறன் நுனியில் வாடை சொட்டுகிறது.

"எத்தின?"
"முப்பத்தொண்டு. கண்டுகளச் சேர்க்கல்ல."
"என்ன வருத்தம்?"
"வருத்தமில்ல புள்ள. கூதல்."

வைத்தியர் நிமிர்ந்தார்.
பண்டாரவளைக்காரர்,
இந்தக் காற்றிலும் அரைக்கைச் சட்டை.
"இருபது பாகையில மாடு சாகுமா?
கூதல்னா என்னங்க, குளிர்தானே?"

பூபாலப்பிள்ளை வாயைத் திறந்தார்.
மூடினார்.
"கூதலெண்டா... கூதல்தான் ஐயா"
என்று சொல்லி, மடியிலிருந்து
சொப்பிங் பை ஒன்றை எடுத்து
என் மேசையில் வைத்தார்.
மஞ்சள் காதுத் தகடுகள்.
சிலதில் மயிர் ஒட்டியிருந்தது.

வானிலை அறிக்கை சொன்னது:
வெப்பநிலையில் சிறிதளவு வீழ்ச்சி.
அந்தச் சிறிதளவு
நவகிரி மேட்டில் இராமுழுக்க மழையோடு நின்று
ஒவ்வொன்றாக முழங்காலை மடக்கியிருக்கிறது.
மடியில் பால் இருந்ததாம்,
கறக்கப் போன கைக்கு
கல்லைப் பிடித்தது போல.

எங்கள் பக்கத்தில் குளிர் நல்ல சொல்.
கண் குளிரப் பார்ப்போம்.
வயிறு குளிர்ந்தால் வாழ்த்துவோம்.
வைகாசியில் கதவு திறந்து
ஊரை எரித்த கோபத்தோடு வந்தவளுக்கே
குளிர்த்தி பாடி ஆற்றுவோம்.
நெருப்புக்குத்தான் நேர்த்தி வைத்திருக்கிறோம்,
வெயிலுக்கு, அம்மைக்கு, பஞ்சத்துக்கு.
தாயே, போதும், குளிராதே என்று கேட்க
எந்தப் பாட்டில் இடமிருக்கிறது?

பயத்துக்கும் அதே பெயர்தான்.
சென்றிகள் எடுத்த வருசம் நான்
தனியே சைக்கிளில் படுவான்கரைக்குப் போக,
"குளிர்விட்டுப் போச்சு இவளுக்கு"
என்றார் அப்பா.
எட்டு மணிக்கு நான் திரும்பி வரும்வரை
வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றதும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை பெக்கோ வந்தது.
ஒரு வெள்ளை வாகனமும் வந்தது.
குவித்துக் கிடந்த வயிறுகளுக்கு முன்னால்
வெள்ளைச் சேட்டுகள் நின்றன,
போன்கள் உயர்ந்தன,
இழப்பீடு என்ற சொல் நாலைந்து தரம் கேட்டது.
குளிர்காய்கிறார்கள் என்று நினைத்தேன்.
கொஞ்சம் தள்ளி
பட்டிப் பொடியன்கள் பழைய டயரைக் கொளுத்தி
இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்கள்.
அவர்களும் அதைத்தான் செய்தார்கள்.
சொல்லை என்ன செய்வது.
எனக்கும் விரல் விறைத்திருந்தது,
டயர்ப் பக்கம் போய் நின்றேன்.

படிவத்தில் ஐந்தையும் வெட்டினேன்.
ஓரத்தில், பேனையை அழுத்தி,
கூதல்.
வைத்தியர் சற்று நேரம் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினார்.

தை கடைசியில் அது திரும்பி வந்தது.
சிவப்பு மையால் ஒரு வட்டம்,
பக்கத்தில்: 'தெளிவுபடுத்தவும்'.

வெளியே கண் கூசுகிற வெயில்.
பூபாலப்பிள்ளை இப்போது
களுவாஞ்சிக்குடியில் கல் அறுக்கிறாராம்.
பதிலுக்குத் தாளை எடுத்து
திகதி மட்டும் எழுதியிருக்கிறேன்.
மின்விசிறி மறுபடி சுழல்கிறது,
காகிதங்கள் எழும்பிப் பறக்கப் பார்க்கின்றன,
பாரத்துக்கு
அந்தச் சொப்பிங் பையைத்தான் வைத்திருக்கிறேன்.